கவனக்குறைவு என்று ஒரு சொல்

அன்புள்ள ஐயா,

தொழிலகப் பாதுகாப்பு முதுகலைப் படிப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. விபத்துகள் பெரும்பாலும் தொழிலாளியின் கவனக்குறைவால்தான் நடக்கின்றன. அதைக் கண்டிக்க இத்தனை இயந்திரவியலும் வேதியியலும் எதற்கு? குறுகிய கால டிப்ளமோ போதாதா?

ர.

அன்புள்ள ர.,

டிப்ளமோவா பட்டமா என்பதை உங்கள் கைக்காசும் வீட்டு நிலைமையும் முடிவு செய்யட்டும். 'கண்டிக்க' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

போன வாரம் பழைய காகிதங்களுக்கு நடுவே என் மாமாவின் விபத்து அறிக்கை கிடைத்தது. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ்ஸில் அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே சொல்: கவனக்குறைவு.

அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் டை, அதாவது மேல் அச்சு, இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. மாமாவின் பிரஸ்ஸில் ஒரு பொத்தானை அழுத்தியபடி குச்சி செருகியிருந்தது. செருகியவர் மாமாவேதான். எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஒரு கை மிச்சமானால் நாளுக்குக் கூடுதல் உருப்படி.

சரி, இப்போது சொல்லுங்கள், யாரைக் கண்டிப்பீர்கள்? ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பொத்தானையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் ஓடும் என்று மின்சுற்றை அமைத்திருந்தால் அந்தக் குச்சியால் ஒரு பயனும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தெரிய வேண்டும் ஐயா! தெரியாதவர்தான் கையுறை வாங்கிக் கொடுத்து, சுவரில் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போவார். அபாயத்தை நீக்கு, மாற்று, இயந்திரத்திலேயே தடு, விதி போடு, கடைசியில்தான் கையுறையும் தலைக்கவசமும் என்ற வரிசையை உங்களுக்கு முதல் பருவத்திலேயே நடத்தியிருப்பார்களே. தேர்வுக்கு மட்டும்தான் படித்தீர்களா?

வேதியியல் ஏன் என்பதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். இப்போது விடுங்கள்.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பதோடு 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்றும் கேட்கச் சொன்னார். மாமாவிடம் கூலி எப்படி என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குச்சியின் கதை அங்கேயே தெரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்புறம், மாமாவும் உங்கள் கட்சிதான். 'என் தப்புதான்டா' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.