வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்: சிஸ்டரிடம் கேட்டவை

அரசு மருத்துவமனை வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2021 மே மாதத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொரோனா காய்ச்சல். மாத்திரை எழுதித் தர மாட்டேன், அது டாக்டர் வேலை. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பற்றி அப்போது சென்னையில் பல இடங்களிலிருந்து கேட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பதில்கள்.

குரோம்பேட்டை: சிஸ்டர், ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு விரல்ல மாட்டிப் பார்க்கிற ஆக்ஸிமீட்டர் ஒரு தடவை 97 காட்டுது, அடுத்த தடவை 89. அம்மாவை உடனே கூட்டிட்டுப் போகணுமா?

அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் எண்ணையே பார்க்க வேண்டாம், கிளம்புங்கள். இல்லையென்றால் முதலில் விரலைப் பாருங்கள். நெயில் பாலிஷ், அடர்ந்த மருதாணி, சில்லென்ற கை எல்லாமே அளவைக் குழப்பும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலில் மாட்டி, கையை மேசைமேல் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். எண் ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். நின்ற எண்ணைத்தான் எழுத வேண்டும். கூடவே தெரியும் இன்னோர் எண் நாடித்துடிப்பு. அதில் 88-ஐப் பார்த்துவிட்டு நடுராத்திரி என்னை எழுப்பியவர் உண்டு! சரியாகப் பார்த்தும் 94-க்குக் கீழேயே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். 90-க்குக் கீழே என்றால் நேராக 108.

அம்பத்தூர்: அப்பாவுக்கு 96 இருக்கு. நிம்மதியா இருக்கலாமா?

உட்கார்ந்தபடி 96 நல்ல எண்தான். மூச்சுத் திணறல் இல்லையென்றால் அறைக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். வயதானவருக்கு மூன்று நிமிஷம் போதும். நடந்தபின் 94-க்குக் கீழே போனாலோ, மூன்று புள்ளிக்கு மேல் குறைந்தாலோ அன்றே டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஒரு பழைய கோடு போட்ட நோட்டில் நேரம், காய்ச்சல், ஆக்ஸிஜன் மூன்றையும் எழுதி வாருங்கள். நாள் கணக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வந்த தேதியிலிருந்து அல்ல, முதல் அறிகுறி தெரிந்த தேதியிலிருந்து. ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கண்ணை எடுக்காதீர்கள்.

தாம்பரம்: ஆக்ஸிஜன் குறைஞ்சா குப்புறப் படுக்கச் சொல்றாங்க. மூச்சு முட்டாதா?

தலையணை வைத்தால் முட்டாது. கழுத்துக்குக் கீழே ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் காலுக்கு அடியில் இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். இதைச் செய்துகொண்டே வீட்டில் இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பெரம்பூர்: ஒரே பாத்ரூம். என்ன செய்ய?

நோயாளி கடைசியாகப் போகட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கழித்து மற்றவர்கள் போகலாம். தட்டு, டம்ளரை வழக்கமான சோப்பில் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டாம். பாத்திரத்தைவிடக் காற்றைத்தான் கவனிக்க வேண்டும். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள்.

போரூர்: தினமும் நாலு தடவை ஆவி பிடிக்கிறோம், கபசுரக் குடிநீரும் குடிக்கிறோம். போதுமா சிஸ்டர்?

ஆவி வைரஸைக் கொல்லாது. வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். கஷாயம் குடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆவடி: வண்டியில் வரும் காயை சோப்புத் தூளில் ஊறவைக்கிறோம்.

ஐயோ, வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இன்னொன்று, கையில் சானிடைசர் தடவிய ஈரத்தோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அதில் இருப்பது ஆல்கஹால்.

வேளச்சேரி: காய்ச்சல் போச்சு, வாசனை வரலை.

பெரும்பாலும் திரும்பிவிடும். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், ரோஜா என நான்கையும் ஒவ்வொன்றாக இருபது விநாடி முகருங்கள். காலையும் மாலையும், வாரக்கணக்கில். முகரும்போது அந்த மணத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர்: மாமனாருக்கு இன்று பதின்மூன்றாம் நாள். நெகட்டிவ் வராமல் ரூமை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

2021 மே மாத விதிப்படி, அறிகுறி தொடங்கிப் பத்து நாள் தாண்டி, கடைசி மூன்று நாள் காய்ச்சலும் இல்லையென்றால் மறுபடி டெஸ்ட் தேவையில்லை. நோய் போன பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டலாம். கூடத்தில் அவர் நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஒரு டிகிரி காபி வையுங்கள். வந்துவிடுவார். வரவில்லையென்றால் வேளச்சேரிக்குச் சொன்ன பதிலைப் படித்துக் காட்டுங்கள்.