ராசா குளிக்கேல்லையோ?

அன்புள்ள ரீச்சர்,

உங்களிடம் நான் படித்ததில்லை. பெரியம்மா படித்தவர், அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீங்கள் ரீச்சர்தான். எனக்கு 23 வயது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் பஸ்ஸிலேயே ஓர் ஆங்கில நாவலை வாசித்து முடித்தேன். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. 1816, ஐரோப்பாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமம், ஜூன் மாதத்தில் பனி கொட்டுகிறது, ஏரிக்குள் இருக்கும் ஆவி ஒன்றின் மேல் 17 வயதுப் பெண்ணுக்குக் காதல் வருகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தவறவிட்டேன். அலுவலகத்தில் நிறைய வாசிக்கும் நண்பர் ஒருவர், "இந்த வயதில் இதையா படிக்கிறாய், நடையும் சப்பை, சரித்திரமும் மேலோட்டம்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. மிச்சத்தைப் பிரவுண் பேப்பர் அட்டை போட்டுத்தான் வாசித்தேன். இப்போது என் 14 வயதுத் தங்கச்சி அதைக் கேட்கிறாள். அம்மா வேண்டாம் என்கிறார். கொடுக்கலாமா?

— வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பிள்ளை,

பிரவுண் பேப்பரா? காலி வீதி பஸ்ஸில், நெரிசலில், யார் உம்முடைய புத்தகத்தின் அட்டையைப் பார்க்கப் போகிறார்கள்? கொண்டக்டர் கூடப் பார்க்க மாட்டார். வேலைக்குப் போய் உழைக்கிற பெண், சொந்தக் காசில் வாங்கிய புத்தகத்தைத் திருடின சாமான் மாதிரி ஒளித்து வாசித்தீர் என்று எழுதியிருக்கிறீர், அதைப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்த இரண்டு ஹோல்ட் ஞாபகம் வந்து கோபம் போய்விட்டது.

புத்தகத்தை நானும் தேடி எடுத்து வாசித்தேன். இரண்டு இரவு. நடை சப்பை என்றாராம், சரி, சப்பைதான், விடும். சரித்திரம் மேலோட்டம் என்றதைத்தான் விட முடியாது. 1815 மார்ச்சில் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த மாதம் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தப் புகை வானத்தில் ஏறிப் பரவித்தான் மறு வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாமல் போனது. நாவலில் எரிமலை என்ற சொல்லே இல்லை. ஏன்? அந்தக் கிராமத்து ஆட்களுக்கு அது தெரியாது! பயிர் கருகுகிறது, காரணம் தெரியவில்லை, ஏரி ஆவியின் மேல் பழி போடுகிறார்கள். எழுதினவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்ததை வாயை மூடி வைத்திருக்கிறாள். உம்முடைய நண்பர் எழுதியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே எரிமலை பற்றி மூன்று பக்கம் வகுப்பெடுத்திருப்பார். அதே குளிர் கோடையில்தான் ஜெனீவா ஏரிக்கரையில் 18 வயது மேரி ஷெல்லி ஃபிராங்கன்ஸ்டைனை எழுதத் தொடங்கினாள் என்பதையும் அவருக்குச் சொல்லும். (கண்டி விழுந்த வருடத்தை வைத்து இங்கே ஒரு பிள்ளையும் இப்படி ஒரு பேய்க்காதல் எழுதவில்லையே என்று எனக்கு ஓர் ஆதங்கம். அது வேறு கதை.)

உமது கடிதம் வந்தபோது நான் யாழ்ப்பாணத்துக் கீரிமலையை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ஆடி அமாவாசைக்குப் போக முழங்கால் விடவில்லை. எனக்கு எட்டு, ஒன்பது வயதில் அம்மம்மாவோடு போயிருக்கிறேன். பெண்கள் கேணியில் முழுகி எழும்பி, படியில் உட்கார்ந்து, என் தலையைத் துவட்டியபடி அவர் மாருதப்புரவீகவல்லி கதையைச் சொன்னார். சோழ இளவரசி. குதிரை முகம். ஊர் ஊராகத் தீர்த்தமாடி, கடைசியில் கீரிமலைத் தண்ணீரில் முழுக முகம் வடிவாகிவிட்டது. மா என்றால் குதிரை, மா விட்ட இடம் மாவிட்டபுரம். முருகனுக்குக் கோயில் கட்டினாள். அப்புறம் உக்கிரசிங்க ராசா வந்தான், கண்டான், கலியாணம். உக்கிரசிங்கனுக்குச் சிங்க முகம்.

நான் கேட்டேன்: "அம்மம்மா, அப்ப ராசா கேணியில குளிக்கேல்லையோ?"

தலையில் ஒரு குட்டு விழுந்தது. "ஆம்பிளைக்கு முகமோ முக்கியம்? வாயை மூடிக்கொண்டு வா."

பிறகு பல்கலைக்கழகத்தில், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்து, அந்த ஒரு இடத்துக்காகவே புரட்டினேன். ராசா குளிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனான் என்றுதான் இருந்தது. அம்மம்மா அதையும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார், பாரும்.

தெற்கில் மட்டும் என்ன வாழ்ந்தது? சிங்கள அரசர்களின் கதை சொல்லும் மகாவம்சத்தில் குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிற யக்ஷினி. கடல் கடந்து வந்து முதல் ராசாவான விஜயனுக்காக 16 வயதுப் பெண்ணாக உருவம் எடுக்கிறாள், அவனுக்காகத் தன் இனத்தையே காட்டிக்கொடுக்கிறாள், இரண்டு பிள்ளையும் பெறுகிறாள். மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வருகிறாள் என்றதும் அவன் சொல்கிறான், பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ, மனிதர்களுக்கு அமானுஷ்யர்களைக் கண்டால் பயம். போனவளை அவளுடைய ஆட்களே அடித்துக் கொன்றார்கள். அந்த இளவரசி எங்கள் பக்கத்துப் பெண் என்பதை நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவள் எப்போதும் பெண். ஆணுக்குச் சிங்க முகம் என்றால் அது பராக்கிரமம்.

உம்முடைய நாவலில் அந்தப் பெண் கரையில் உட்கார்ந்து, ஏரிக்குள்ளிருந்து வருகிறவனை ஆறுதலாக, இரண்டு பக்கத்துக்கு, பார்க்கிறாள். பாசி பிடித்த தோள், ஒளி இல்லாத கண். பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவள்தான் முடிவு செய்கிறாள். நீர் ஹோல்ட்டைத் தவறவிட்டது அந்த இடத்தில்தான் என்று பந்தயம் கட்டுவேன். அதை அந்த நண்பரிடம் சொல்ல உமக்கு வாய் வரவில்லை, அதனால் வெட்கம் என்று எழுதிவிட்டீர்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எழுத இருந்தேன். கடைசியில் அவன் ஏரியிலிருந்து எழும்பி மனிதனாகிவிடுகிறான், அது சோம்பேறித்தனமான முடிவு, வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதித் தந்திருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தில் இரவு ஒரு மணிக்குத் தனியே இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒருவழியாக ராசா குளித்துவிட்டார், அம்மம்மா!

தங்கச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர், மறந்தே போனேன். அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். போய் அந்தப் பிரவுண் பேப்பரைக் கழற்றி, பக்கங்களின் மூலையைப் பாரும். நீர் மடிக்காத மடிப்பு ஒன்றாவது இருக்கும்.