வெட்டியும் மாமரத்தில் மீண்டும் துளிர்க்கும் புல்லுருவி

புல்லுருவியை மட்டும் வெட்டாமல், அது பற்றியிருக்கும் கிளையையே, ஒட்டிய இடத்திலிருந்து அடிமரத்தின் பக்கமாக ஓர் அடிக்கு மேல் தள்ளி அறுத்தெடுங்கள். ஆண்டுதோறும் அரிவாளால் கழித்தும் அதே கணுவில் துளிர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் இறங்கிய உறிஞ்சுவேர் உயிரோடு இருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். பச்சை இலை இருப்பதால் புல்லுருவி தனக்கான உணவைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் நீரையும் தாது உப்புகளையும் மாமரத்திடமிருந்தே இழுப்பதால், அதற்கு அப்பால் உள்ள கிளைநுனி மெலிந்து காய்கிறது.

அறுப்பதற்கு முன் கிளையின் அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். முதலில் ஒட்டிய இடம் கழலைபோல் வீங்கியிருக்கும். அங்கிருந்து பட்டையின் மேலாகவே ஒரு வேர் ஊர்ந்து சென்று, இடையிடையே புதிதாகப் பற்றியிருக்கக்கூடும். அடிமரத்துக்கு மிக அருகிலுள்ள பிடிப்பையும் தாண்டித்தான் அறுக்க வேண்டும்.

புல்லுருவியின் பழம் பழுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், ஏனெனில் பூக்கொத்திக் குருவிகள் பழத்தைத் தின்று, பிசுபிசுப்பான விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். (குருவியை விரட்டுவது வீண் வேலை.)

அடிமரத்திலேயே பற்றியிருந்தால் இந்த வழி பொருந்தாது. அங்கே துளிர்களை வரும்போதெல்லாம் கிள்ளி, இலைவிடாமல் பட்டினி போடலாம். களைக்கொல்லியைத் தடவ வேண்டாம், மருந்து மாமரத்துக்குள்ளும் இறங்கிவிடும்.