வாசகர் கேள்வி – பதில்: தயோசல்பேற்றுக் கரைசலின் செறிவு ஏன் மாறுகிறது?

கேள்வி: நீரின் தரத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். அயடீனின் அளவை அறியப் பயன்படும் சோடியம் தயோசல்பேற்றின் பளிங்குகளை நான்கு தசமத் தராசில் நிறுத்து, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுடைய கரைசலைத் தயாரித்தாலும், சில வாரங்களில் அளவியின் (விடப்படும் கரைசலின் கனவளவைக் காட்டும் குழாயின்) வாசிப்பு மாறிவிடுகிறது; போத்தலின் அடியில் வெண்மையான படிவும் தோன்றுகிறது. தவறு தராசிலா, நீரிலா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தராசு சரியாகவே நிறுத்திருக்கும். ஆயினும் இந்தப் பளிங்கு முதல்நிலை நியமமாக, அதாவது நிறுத்த அளவிலிருந்தே செறிவைத் துல்லியமாகக் கணிக்க உதவும் பொருளாக, கொள்ளத்தக்கதன்று. ஐந்து பளிங்கு நீர் மூலக்கூறுகளுடன் அதன் மூலர்த் திணிவு 248.18 கிராம் என்பது உண்மையே. ஆனால் வறண்ட வெப்பக் காற்றில் அந்த நீரின் ஒரு பகுதியை இழப்பதும், கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் நீரை ஏற்பதும் அதன் இயல்பாதலால், நிறுத்த பொருளில் தயோசல்பேற்று எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே நான்கு தசமம்வரை நிறுப்பது வீண் உழைப்பு. லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் போதும்.

கவனம் முழுவதும் நீருக்கே உரியது. காய்ச்சி வடித்த நீரை மறுபடியும் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கரைந்துள்ள காபனீரொட்சைட்டு நீரைச் சற்று அமிலமாக்க, தயோசல்பேற்று மெல்லப் பிரிந்து கந்தகம் படிகிறது. நீங்கள் கண்ட படிவு அதுவே. அப்பிரிகையில் உண்டாகும் ஐதரசன்சல்பைற்று, அழிந்த தயோசல்பேற்றைவிட இரு மடங்கு அயடீனை ஏற்குமாதலால், பழுதாகும் கரைசலின் செறிவு தொடக்கத்தில் கூடியதுபோலவும் தோன்றலாம். கந்தகச் சேர்வைகளை உண்டு வாழும் பற்றீரியாக்களும் கரைசலைக் கெடுக்கும். லீற்றருக்கு 0.1 கிராம் சோடியம் காபனேற்றைச் சேர்த்து, கபில நிறப் போத்தலில் இருளில் வைத்து, ஒரு நாள் கழித்தே நியமப்படுத்துங்கள் (அளவு அறிந்த பொருளுடன் தாக்கமுறச் செய்து உண்மையான செறிவைக் காணுங்கள்). படிவு தோன்றிய கரைசலை வடித்தெடுத்துப் பயன்படுத்த வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

நியமப்படுத்தப் பொற்றாசியம் அயடேற்றையே பரிந்துரைப்பேன். இருகுரோமேற்றும் பயன்படும், ஆனால் அது நச்சுத்தன்மையுடையது, தாக்கம் முடியச் சில நிமிடங்கள் இருளில் காத்திருக்கவும் வேண்டும். உங்கள் தராசின் நான்கு தசமங்கள் தேவைப்படும் இடம் இதுதான். 120 பாகை செல்சியசில் உலர்த்தி ஆறவைத்த அயடேற்றில் 0.8917 கிராமைக் கனமானக் குடுவையில் 250 மில்லிலீற்றராக்கி, அதில் 25.00 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, ஒரு கிராம் பொற்றாசியம் அயடைட்டையும் ஐதான சல்பூரிக்கமிலத்தையும் சேர்த்து, தாமதமின்றி நியமியுங்கள் (விடுபட்ட அயடீன் தீரும்வரை அளவியிலிருந்து தயோசல்பேற்றை விடுங்கள்). ஒரு மூல் அயடேற்று மூன்று மூல் அயடீனை விடுவிக்கிறது. அதற்கு ஆறு மூல் தயோசல்பேற்று வேண்டும். ஆகவே குழாயியால் எடுத்த 25.00 மில்லிலீற்றரில் உள்ள அயடேற்று 2.500 மில்லிமூல் தயோசல்பேற்றுக்குச் சமம். அளவி 24.60 மில்லிலீற்றர் காட்டினால், செறிவு லீற்றருக்கு 0.1016 மூல்.

அயடீனுடன் நீலநிறம் தரும் மாப்பொருட் காட்டியைத் தொடக்கத்திலேயே ஊற்றுவது மாணவரிடமும் அனுபவமுள்ளவரிடமும் நான் காணும் பொதுவான பிழை. அயடீன் மிகுந்திருக்கையில் அது மாப்பொருளுடன் இறுகப் பிணைந்து எளிதில் விடுபடாது, முடிவுப்புள்ளி (அயடீன் தீர்ந்து நிறம் மறையும் தருணம்) பிந்தும். கரைசல் வைக்கோல்போல வெளிர்மஞ்சளானதும், அன்றே தயாரித்த காட்டியைச் சேருங்கள்.

கேள்வி: முடிவுப்புள்ளியில் மறைந்த நீலநிறம் மீண்டும் தோன்றினால், இன்னும் தயோசல்பேற்றுச் சேர்க்க வேண்டுமா?
– உயர்தர மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: சில நிமிடங்கள் கழித்துத் தோன்றினால் சேர்க்க வேண்டாம். அமிலக் கரைசலில் எஞ்சிய அயடைட்டை வளியிலுள்ள ஒட்சிசன் ஒட்சியேற்றுவதால் அந்நிறம் வருகிறது. முதலில் நிறம் மறைந்தபோது எடுத்த வாசிப்பே சரி. உடனடியாகத் திரும்பினால் மட்டும் ஐயுறுங்கள். இருகுரோமேற்றைப் பயன்படுத்தியிருந்தால், தாக்கம் முற்றுப்பெறுமுன் நியமிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அந்த வாசிப்பைக் கைவிட்டுப் புதிய மாதிரியுடன் மீண்டும் செய்யுங்கள்.