எம்மா மொரானோவின் முட்டையும் தனிமையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியைச் சேர்ந்த எம்மா மொரானோ என்ற மூதாட்டி 117 வயது வரை வாழ்ந்ததற்கு அவர் நாள்தோறும் பச்சை முட்டை குடித்ததே காரணம் என்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து, 78 வயதாகும் என் அம்மாவுக்கும் காலையில் பச்சை முட்டை கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கணவரைப் பிரிந்து தனியாக வாழ்ந்ததும் ஒரு காரணம் என்று அவரே சொன்னதாக அதில் இருந்தது. இவற்றில் எதை நம்புவது?

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அம்மாவுக்குப் பச்சை முட்டை வேண்டாம். அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். முதியவர்களுக்கு அதனால் வரும் வயிற்றுப்போக்கு ஆபத்தாக முடியலாம். வேகவைத்தே கொடுங்கள். வெந்த முட்டையின் புரதம்தான் நன்றாகச் செரிக்கும்.

மொரானோ முட்டை சாப்பிட்டது உண்மைதான். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில், ஏறத்தாழ இருபது வயதில் அவருக்கு ரத்தசோகை கண்டபோது, நாளொன்றுக்கு மூன்று முட்டை, அவற்றில் இரண்டு பச்சையாக, என்று மருத்துவர் ஒருவர் சொன்ன பத்தியம் அது. நம்மில் பலர் ஒரு மண்டலம்கூடத் தாக்குப்பிடிக்காத பத்தியத்தை அவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் காத்தார். கடைசிக் காலத்தில் பல் இல்லாததால் இரண்டு முட்டையும் சில பிஸ்கட்டுகளுமே உணவாயின. ஆனால் அவருடைய தங்கை ஒருவரும் நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார் என்பதை அந்தச் செய்தி சொல்லியிராது. நீண்ட ஆயுள் அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலேயே இருந்தது.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயமே என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. 1899 நவம்பர் 29 அன்று பியட்மான்ட் பகுதியின் சிவியாஸ்கோ என்ற சிற்றூரில், எட்டுக் குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்த மொரானோ, தான் விரும்பிய இளைஞனைப் போரில் இழந்தார். 1926இல் வேறொருவர், தன்னை மணக்காவிட்டால் கொன்றுவிடுவதாக மிரட்டி அவரை மணந்துகொண்டார். அடி உதையோடு கழிந்த அந்த வாழ்வில் 1937இல் ஓர் ஆண் குழந்தை பிறந்து ஆறே மாதத்தில் இறந்தது. மறு ஆண்டே, 1938இல், அவர் கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் ஆட்சியில் இருந்தவர் சர்வாதிகாரி முசோலினி. பெண்ணின் கடமை பிள்ளை பெறுவதே என்று அரசே பரப்பிவந்த காலம். அந்நாட்டுப் பெண்கள் நாடு தழுவிய தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தது 1946இல்தான். விவாகரத்துக்குச் சட்டம் இடம் கொடுத்தது 1970இல். சட்டம் வந்து சேர்வதற்கு 32 ஆண்டுகள் முன்பே, பிறந்த வீட்டுச் சொத்தோ பதவியோ துணைக்கு இல்லாத ஓர் ஆலைத் தொழிலாளி, சணல் ஆலைக் கூலியை நம்பி அந்த முடிவை எடுத்தார். மறுமணத்துக்கு வாய்ப்பு வந்தும், இனி எவருக்கும் அடங்கி வாழ விருப்பமில்லை என்று மறுத்துவிட்டார். ஆலையில் 1954 வரை உழைத்து, பிறகு ஓர் உறைவிடப் பள்ளியின் சமையலறையில் 75 வயது வரை வேலை பார்த்தார்.

கணவரைப் பிரிந்ததால் ஆயுள் கூடியது என்று மருத்துவம் நிரூபிக்க முடியாது. நானும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆயினும் நூற்றுப் பதினேழு ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்த ஒருவர், தன்னை வாழவைத்தது எது என்ற கேள்விக்கு முட்டையோடு சேர்த்து இந்த முடிவையும் சொன்னார் என்றால், அதை நான் மிகுந்த மரியாதையோடு கேட்பேன். உங்கள் குழுவில் எல்லோரும் முட்டையைப் பற்றி மட்டுமே பேசியிருப்பார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மஜோரே ஏரிக்கரையிலுள்ள வெர்பானியா நகரில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில், நூறு வயதைக் கடந்தும் நெடுங்காலம் தனியாகவே வாழ்ந்தார். ஆயிரத்து எண்ணூறுகளில் பிறந்ததாக உறுதிசெய்யப்பட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த அவர், 2017 ஏப்ரல் 15 அன்று, ஈஸ்டருக்கு முந்தைய நாள், அதே வீட்டில் தன் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி காலமானார்.