இலவசமாக இருப்பதை விலைக்கு விற்கிறார்கள்: உயர்கணிதம் படிப்போர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: கல்லூரிக் கணிதத்தையும் அதற்கு மேலுள்ளதையும் இணையத்தில் படிக்க எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அல்ஜீப்ரைக் டோபாலஜி புத்தகம் ஒன்றை ஒரு தளத்தில் பி.டி.எஃப். கோப்பாக விலை கொடுத்து வாங்கினேன். பிறகு பார்த்தால், ஆலன் ஹேச்சர் எழுதிய அதே புத்தகம் அவருடைய சொந்தப் பக்கத்திலேயே இலவசமாக இருக்கிறது. நான் வாங்கியதில் அட்டை மட்டும் வேறு, ஆசிரியர் பெயரைக் காணோம். பணம் திரும்ப வருமா?

பதில்: வர வழி இருக்கிறது, விடாதீர்கள். இதில் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் புத்தகத்தின் அச்சுப் பிரதியை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2002-இல் வெளியிட்டது. மின்பிரதியை ஆசிரியரே தன் பக்கத்தில் வைத்து, சொந்தப் படிப்புக்கு யாரும் எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அதை எடுத்து, பெயரை அழித்து, உங்களிடம் விற்றது திருட்டு. வேறு சொல் இல்லை.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். இரண்டு கோப்புகளிலும் ஒரே பக்கத்தைப் படம் பிடித்து இணையுங்கள். பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடம், சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று காரணம் காட்டி, பணம் போனதை மறுத்துப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கெடு உண்டு. ஆறப்போட வேண்டாம். கடைசியாகப் பதிப்பகத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கு அடுத்து ஏமாறப்போகிறவருக்கு அது உதவும்.

ஒரு விஷயம். இலவசப் புத்தகத்தை விற்பதெல்லாம் குற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாமஸ் ஜட்சன் எழுதிய அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ஜிம் ஹெஃபரான் எழுதிய லீனியர் அல்ஜீப்ரா போன்றவை திறந்த உரிமத்தில் வந்தவை. உரிமத்தின் நிபந்தனைகளை மதித்து யாரும் அச்சிட்டு விற்கலாம். காகிதத்தில் படிப்பது பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம். மூல ஆசிரியர் யார், இலவசப் பிரதி எங்கே என்பதை மறைத்தால்தான் அது ஏமாற்று.

நானும் இந்த மாதிரி விற்பனையில் மாட்டியிருக்கிறேன். உரிமக் காலம் முடிந்த பழைய எண் கோட்பாட்டுப் புத்தகம் ஒன்றை, ஆர்டர் வந்தபின் அச்சிட்டுத் தரும் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். ஸ்கேன் செய்ததை ஏதோ மென்பொருள் எழுத்தாக மாற்றியிருக்கிறது, அதை யாரும் திருத்திப் பார்க்கவில்லை. அடுக்குக்குறிகள் எல்லாம் கீழே இறங்கி, வர்க்கம் என்று இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்தில் ஒரு 2 நிற்கிறது. கூட்டல் தொடர்க் குறிகள் இருந்த இடத்தில் என்னென்னவோ எழுத்துகள். ஒரு நிரூபணம்கூட முழுசாகப் படிக்க முடியவில்லை. கதைப் புத்தகத்தில் இப்படி நடந்தால் ஊகித்துப் படித்துவிடலாம், கணிதத்தில் அது நடக்காது. பழைய புத்தகத்தின் மறுபதிப்பு வாங்குவதற்கு முன்னால் உள்பக்கம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு கணித ஆப்புக்கு ‘வாழ்நாள் சந்தா’ தள்ளுபடியில் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே வாழ்நாள் என்பது அந்த நிறுவனத்தின் வாழ்நாள், உங்களுடையது அல்ல.

கேள்வி: முதுகலையில் சேரும் முன் அடித்தளத்தைச் சரிசெய்ய நினைக்கிறேன். ‘முழு உயர்கணிதம், 300 மணி நேரக் காணொளி’ என்று ஒரு பாடத்திட்டம். இன்று இரவோடு தள்ளுபடி முடிகிறதாம். உடனே சொல்லுங்கள்.

பதில்: இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்த இரவு போயிருக்கும், தள்ளுபடி அப்படியேதான் இருக்கும். போய்ப் பாருங்கள்.

எனக்கு ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கோபம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணிதப் பாடத்தை மணிக்கணக்கில் விற்கிறார்கள். 300 மணி நேரம் என்பது எதன் அளவு? ஒருவர் கேமரா முன்னால் பேசியதன் அளவு. நீங்கள் கற்றதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய 18.06 என்ற லீனியர் அல்ஜீப்ரா பாடம் இருக்கிறது. நாற்பதுக்கும் குறைவான விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. உலகம் முழுக்க எத்தனையோ பேர் அதில் படித்திருக்கிறார்கள். அதோடு வீட்டுக் கணக்குகளும் தேர்வுத்தாள்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. விரிவுரையின் நீளத்தால் அதற்கு மதிப்பு வரவில்லை. பார்த்து முடித்ததும் உட்கார்ந்து போட வேண்டிய கணக்குகளால் வந்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் 2001-இல் அறிவித்த திட்டம். இன்றைக்கும் பதிவுகூடச் செய்யாமல் பார்க்கலாம்.

கிராண்ட் சாண்டர்சனின் த்ரீ புளூ ஒன் பிரவுன் காணொளிகளையும் சொல்ல வேண்டும். அணி (மேட்ரிக்ஸ்) ஒன்று ஒரு சமதளத்தை எப்படி இழுத்துத் திருப்புகிறது என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவை மட்டுமே பார்த்துவிட்டு ஐகன் மதிப்பு (சில திசைகளில் அணி திசை மாற்றாமல் எவ்வளவு நீட்டுகிறது என்ற எண்) புரிந்துவிட்டது என்று நம்புகிறவரிடம் ஒரு அணியைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பேனா அங்கேயே நின்றுவிடும்.

அதனால், காசு கேட்கும் எந்தப் பாடத்திலும் முதலில் கேட்க வேண்டியவை இவை. எந்தப் பாடநூலைப் பின்பற்றுகிறார்கள்? தொடங்கும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்? பயிற்சித்தாள் உண்டா? நீங்கள் எழுதும் நிரூபணத்தை ஒரு மனிதர் படித்துத் திருத்துவாரா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பாடத்துக்குச் சமமானதோ மேலானதோ இலவசமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நுண்கணிதத்தின் கறாரான அடித்தளமான ரியல் அனாலிசிஸுக்கு அதே ஓப்பன்கோர்ஸ்வேரில் 18.100ஏ என்ற பாடம் இருக்கிறது. பாடநூலுக்கு யிர்ஷி லெபல் எழுதியது இணையத்தில் முழுசாக இலவசம்.

மாதிரி விரிவுரை காட்டுகிறேன் என்பார்கள், எப்போதும் முதல் பாடத்தைத்தான் காட்டுவார்கள். அது எல்லோருக்கும் நன்றாகவே வரும். நடுவிலிருந்து ஒன்றைக் கேளுங்கள். ரியல் அனாலிசிஸ் என்றால் சீரான ஒருங்கல் (சார்புகளின் வரிசை எல்லாப் புள்ளியிலும் ஒரே சீராக எல்லையை நெருங்குவது) பற்றிய பாடம். 0 முதல் 1 வரையுள்ள எண்களை வர்க்கம், கனம், அதற்கு மேல் என்று அடுக்கேற்றிக்கொண்டே போனால், 1 தவிர மற்றதெல்லாம் பூஜ்ஜியத்தை நெருங்கும், 1 மட்டும் 1-ஆகவே நிற்கும். தொடர்ச்சியான சார்புகளின் வரிசை தொடர்ச்சியற்ற ஒன்றில் போய் முடிகிறது. சீரான ஒருங்கல் என்ற கருத்து எதற்காக வந்தது என்பது இந்த ஒரு எடுத்துக்காட்டில் தெரிந்துவிடும். ஆசிரியர் இப்படி ஒன்றைக் காட்டாமல் வரையறையை மட்டும் வாசித்துப் போனால், 300 மணி நேரமும் அப்படித்தான் போகும்.

கேள்வி: கணக்குகளுக்கு விடை தரும் தளத்தில் ஏழு நாள் இலவசம் என்று கார்டு எண் கொடுத்தேன். விதிமுறைகளைப் படிக்கவில்லை. ஒரு வருடச் சந்தாவை எடுத்துவிட்டார்கள். இது மோசடிதானே?

பதில்: படிக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். இலவசத்துக்கு எதற்குக் கார்டு எண் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? இதே கேள்விக்கு இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பப் பதில் சொல்லியிருக்கிறேன். உடனே சந்தாவை ரத்து செய்யுங்கள். பயன்படுத்தவே இல்லை என்று எழுதிப் பணத்தைக் கேளுங்கள், சிலர் கொடுப்பார்கள். அப்புறம், நுண்கணிதத்துக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் லமார் பல்கலைக்கழகத்தின் பால் டாக்கின்ஸ் வைத்திருக்கும் குறிப்புகளைப் பாருங்கள். நுண்கணிதப் பயிற்சிக் கணக்குகளுக்கு வரிவரியாக விடை இருக்கிறது. கார்டு எண் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களை முடித்ததற்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் கட்டணம் கேட்கிறார்.

பதில்: ஓப்பன்கோர்ஸ்வேர் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர் மோசடிக்காரர்.

கேள்வி: ஆய்வுக்கட்டுரை ஒன்றை ஒரு நாள் படிக்கப் பணம் கட்டினேன். மறுநாள் நண்பர் அதையே ஆர்க்கைவில் காட்டினார்.

பதில்: ஆர்க்கைவ் (arXiv) என்பது ஆய்வுக்கட்டுரைகளை ஆசிரியர்களே இலவசமாகப் போட்டுவைக்கும் தளம், 1991 முதல் இருக்கிறது. கணித ஆய்வாளர்களில் மிகப் பலர் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே அங்கேயும் போட்டுவிடுகிறார்கள். பணம் கட்டும் முன் தலைப்பை அங்கே தேடுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அங்கே இல்லையென்றால் ஆசிரியரின் சொந்தப் பக்கம். அங்கும் இல்லையென்றால் அவருக்கே மின்னஞ்சல், பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். எந்தக் கட்டுரை எங்கே வந்தது என்று தேட இசட்.பி.மேத் ஓப்பன் 2021 முதல் எல்லோருக்கும் இலவசம். மேற்கோள் காட்டும்போது மட்டும் கவனம் தேவை. ஆர்க்கைவ் பிரதியிலும் இதழில் வந்ததிலும் தேற்ற எண்கள் மாறியிருக்கலாம், சில சமயம் நிரூபணமே திருத்தப்பட்டிருக்கும்.

கேள்வி: கணினி இயற்கணித மென்பொருள் விலை என் கைக்கு எட்டவில்லை. அது இல்லாமல் குலக் கோட்பாடு (குரூப் தியரி) படிக்க முடியுமா?

பதில்: தாராளமாக. குலங்களுக்கென்றே கேப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எண் கோட்பாட்டுக்கு பாரி என்ற இலவச மென்பொருள். இவற்றோடு மேக்சிமா முதலிய பல மென்பொருள்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பைத்தானில் இயக்க சேஜ்மேத், 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. மேட்லேப் என்ற விலைக்கு விற்கும் மென்பொருளில் எழுதச் சொல்லும் பயிற்சிகள் பலவற்றை ஆக்டேவ் என்ற இலவச மென்பொருளில் அப்படியே ஓட்டலாம். துறையே குறிப்பிட்ட ஒரு மென்பொருளைக் கட்டாயமாக்கினால், வாங்கும் முன் துறை அலுவலகத்தில் மாணவர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: 1964-இல் வந்த ஆப்ரமோவிட்ஸ், ஸ்டெகன் கணிதச் சார்புக் கையேட்டின் புதிய ‘டிஜிட்டல் பதிப்பு’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தேவையில்லை. அந்தக் கையேட்டை வெளியிட்ட அமெரிக்க அரசு நிறுவனமே அதற்கு வாரிசாக டி.எல்.எம்.எஃப். என்ற மின்நூலகத்தை 2010-இல் திறந்துவிட்டது. இலவசம், தொடர்ந்து திருத்தவும் செய்கிறார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் சந்தா எடுத்தால் என் நிரூபணங்களைத் திருத்திக் கொடுக்குமா?

பதில்: பல நேரம் உதவும். தவறான படியைச் சரியென்று உறுதியாகச் சொல்லவும் செய்யும், எது எது என்று கண்டுபிடிக்கும் திறமை தொடக்கத்தில் உங்களுக்கு இருக்காது. ஒவ்வொரு படியையும் இயந்திரமே கறாராகச் சோதிக்க வேண்டுமென்றால் லீன் என்ற நிரூபண மென்பொருள் இலவசம். இயல் எண்களை வைத்து அதைக் கற்றுத்தரும் விளையாட்டு ஒன்றும் இணையத்தில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: என் மகள் பள்ளியிலேயே கல்லூரிக் கணிதம் படிக்கிறாள். எல்லாம் இலவசம் என்று எழுதுகிறீர்கள். அவளுக்காகச் செலவு செய்ய எனக்கு ஆசை. எதில் செய்யட்டும்?

பதில்: அவள் எழுதுவதைப் படிக்கும் ஒரு ஆளுக்குச் செய்யுங்கள், அம்மா. உயர்கணிதத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது அதுதான். இணையவழி ஆசிரியர் ஒருவரை அமர்த்தும் முன், அவள் எழுதிய நிரூபணம் ஒன்றை அனுப்பி, கட்டணம் கொடுத்தே திருத்தித் தரச் சொல்லுங்கள். எந்த வரியில் ஓட்டை, எந்தச் சொல் தெளிவில்லை, எது நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி அனுப்புகிறவரை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சரியான விடையை எழுதி அனுப்புகிறவர் வேண்டாம்.

நடுவில் சந்தேகம் வந்தால் மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி-பதில் தளத்தில் கேட்கலாம், தான் எதுவரை முயன்றாள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்ல பதில் கிடைக்கும். மேத்ஓவர்ஃப்ளோ ஆய்வாளர்களுக்கானது, பாடக் கணக்குகளை அங்கே போட வேண்டாம். ஆசிரியருக்கு மாதாமாதம் கொடுங்கள், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.