பழைய பம்பாய்ப் படம் போலியா?

கேள்வி: ஐயா, ஆவணக் காப்பகம் ஒன்றின் இணையத் தொகுப்பில் வில்லியம் ஜான்சனின் பழைய பம்பாய்ப் படங்களைப் பார்த்தேன். ஒன்றில் பின்னால் கட்டடம், முன்னால் தலைப்பாகையோடு நாலு பேர். ஆட்கள் மட்டும் ஏதோ மிதப்பதுபோல் தெரிகிறது. போலி என்கிறான் என் மகன். அப்படியா?

- வாசகி, சயான், மும்பை

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது அம்மா. ஆனால் போலி என்று மகனிடம் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஆட்களும் நிஜம், கட்டடமும் நிஜம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததுதான் நடக்கவில்லை.

பம்பாய் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1854-இல் தொடங்கியபோதே அதில் இருந்தவர் ஜான்சன். பம்பாய்வாசிகளைப் பற்றி 1863, 1866 ஆண்டுகளில் லண்டனில் இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் ஆட்களைத் தனியாக எடுத்து, வேறு நெகட்டிவில் இருந்த பின்னணியோடு சேர்த்திருக்கிறார். அன்றைக்கு அது தொழில்நுட்பம், திருட்டு வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். வெளியே போனால் இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் கூடவே போகும். அந்த வெயிலில் நாலு பேரை அசையாமல் நிற்க வைப்பது லேசா? மாட்டுங்கா ஸ்டுடியோவில் வேலை பார்த்த நாளில், தவறிப்போன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் நானே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். யாரும் போலி என்று சண்டைக்கு வரவில்லை!

சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிக் காலடியைப் பாருங்கள். ஆளின் நிழல் ஒரு பக்கம், தூணின் நிழல் இன்னொரு பக்கம் விழுந்தால் ஒட்டுதான். வேட்டி ஓரம் கத்தரித்தாற்போல் இருந்தாலும் அப்படியே.

எனக்கு உறுத்துவது ஒட்டு வேலை இல்லை, தலைப்பு. இந்தச் சாதி, அந்தத் தொழில் என்று பெரும்பாலும் கூட்டப் பெயர்தான் இருக்கும்; நிற்கிறவரின் சொந்தப் பெயர் இருக்காது. உடை, நகை, தலைப்பாகைக் கட்டு இவற்றுக்குப் படத்தை நம்பலாம். தலைப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள்.

சரி, தேதி? பின்னணியை மட்டும் தனியாகப் பாருங்கள். 1860 என்று குறிப்பு இருந்து ஃப்ளோரா ஃபவுண்டன் தெரிந்தால் குறிப்புதான் தப்பு. அது வந்தது 1864-இல். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம் கட்டத் தொடங்கியது 1878-இல், முடிந்தது 1888-இல். அது முழுதாகத் தெரிகிற படத்தை ஜான்சன் தொகுதியில் வந்தது என்று யாராவது அனுப்பினால், அது எப்படி என்று அனுப்பியவரையே கேளுங்கள்.